கணக்கில் விடுபட்ட கார்பன்

நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் சிமெண்ட் தயாரிப்பதாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 கிகா டன் கார்பன் காற்றில் கலக்கிறது. காடழிப்பு போன்ற நிலப்பயன்பாட்டு மாற்றங்கள் இன்னும் சுமார் ஒரு கிகா டன்னைச் சேர்க்கின்றன. (1 கிகா டன் என்பது 100 கோடி டன். இக்கட்டுரையில் வரும் அளவுகளெல்லாம் கார்பனின் எடை. கரியமில வாயுவின் எடை வேண்டுமானால் 3.67 ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.) ஆனால் காற்றில் ஆண்டுக்காண்டு கூடுவது 5 கிகா டன்னைச் சற்றே தாண்டுகிறது. வெளிவந்ததில் பாதிக்கும் மேல் வேறெங்கோ போய்விடுகிறது.

எங்கே போகிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை சொல்லிவருகிறார்கள். முதலில் கடல் என்றார்கள். பிறகு கடலால் அவ்வளவு முடியாது என்றார்கள். காடுகள் உறிஞ்சுகின்றன என்றவர்களும் காடுகள்தாம் வெளியிடுகின்றன என்றவர்களும் ஒரே பத்தாண்டில் எதிரெதிரே நின்று எழுதினார்கள். வடக்கின் காடுகள், வெப்பமண்டலக் காடுகள், மண், அணைக்கட்டுகளின் வண்டல் என்று சந்தேகம் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த விடைகளை மதிப்பிடும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நிலம் உறிஞ்சும் கார்பனை நெடுங்காலம் யாரும் நேரடியாக அளக்கவில்லை. வெளியீட்டிலிருந்து காற்றில் தங்கியதையும் கடல் கொண்டதையும் கழித்தார்கள். மிஞ்சியதை நிலத்தின் பெயரில் எழுதினார்கள். கழித்தலில் வந்த அந்த எண்ணுக்கு முகவரி தேடிய கதையே இத்துறையின் பெரும்பகுதி வரலாறு.

இருப்பும் ஓட்டமும்

காற்றில் இன்று இருக்கும் கார்பன் 880 கிகா டன் அளவில் மதிப்பிடப்படுகிறது. உலகத் தாவரங்கள் அனைத்திலும் இருப்பது சுமார் 450. மண்ணில் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. ஆர்க்டிக்கை ஒட்டிய நிரந்தர உறைமண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,400. கடலில் கரைந்த நிலையில் 37,000க்கும் மேல். சுண்ணாம்புப் பாறைகளிலும் பிற படிவுப் பாறைகளிலும் இருப்பதோ கோடிக்கணக்கான கிகா டன். அது எரிமலை வழியே வெளிவருவதும், மழைநீர் பாறையைக் கரைத்து மீண்டும் கடலடியில் சேர்ப்பதும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் காரியம். இமயமலை அரிக்கப்பட்டு கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் கரிமப் பொருள் வங்காள விரிகுடாவின் அடிவண்டலில் பெருமளவு சிதையாமல் புதைகிறது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புவியின் நீண்டகாலக் கணக்கில் அது முக்கியமான பதிவு. நம் கேள்வி சில பத்தாண்டுகளைப் பற்றியது என்பதால் பாறைகளை இங்கே விட்டுவிடலாம்.

இருப்பைவிட ஓட்டம்தான் சிக்கல். நிலத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுக்கு 120 கிகா டன்னுக்கும் மேல் எடுக்கின்றன. சுவாசம், சிதைவு, தீ ஆகியவற்றின் வழியே ஏறக்குறைய அவ்வளவும் திரும்பிவிடுகிறது. கடலுக்கும் காற்றுக்கும் இடையே இரு திசையிலும் ஆண்டுக்கு 80 கிகா டன் அளவில் போக்குவரத்து உண்டு. நாம் தேடும் நிகர உறிஞ்சல் இவ்விரண்டு பெருவெள்ளங்களில் வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. மூன்று கிகா டன் அளவில் ஒன்று. நூற்றிருபதை நூற்றுக்கு இரண்டு பங்கு தவறாக அளந்தாலே விடை முழுவதும் கெட்டுப்போகும்.

இயற்கையின் ஓட்டம் இவ்வளவு பெரிதாக இருக்கையில் மனிதரின் பத்து கிகா டன் எம்மாத்திரம் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. இயற்கையின் வரவும் செலவும் நிகராகிவிடுகின்றன. மனிதர் சேர்ப்பதற்கு எதிர்ப்பதிவு இல்லை. காற்றில் ஆக்சிஜன் குறைந்துவருவதும், கார்பன்-13, கார்பன்-14 ஆகியவற்றின் விகிதங்கள் மாறிவந்த விதமும் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கடல் பார்த்துக்கொள்ளும்

கரியமில வாயுவுக்கும் புவியின் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை 1896இல் கணக்கிட்ட சுவீடன் நாட்டு வேதியியலர் ஸ்வான்டே அரீனியஸ், வெளியேறும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் வாங்கிக்கொள்ளும் என்று பின்னர் எழுதினார். கடலின் பரப்பையும் ஆழத்தையும் நினைத்தால் யாருக்கும் தோன்றக்கூடிய முடிவுதான். இதற்கு முதலில் முரண்பட்டவர் நீராவிப் பொறியாளரான கை காலண்டர். 1938இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முந்தைய அரை நூற்றாண்டில் மனிதர் வெளியிட்டதில் முக்கால் பங்கு காற்றிலேயே தங்கிவிட்டது என்று மதிப்பிட்டது. அக்காலத்து வானிலையாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தயங்கியதில் நியாயமும் இருந்தது; காலண்டர் பயன்படுத்திய பழைய அளவீடுகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுபவை.

1957இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் இருவரும் எழுதிய கட்டுரை இங்கே திருப்புமுனை என்று சொல்லப்படுகிறது. அதுவும் முக்கால்வாசி பழைய கருத்தையே சொன்னது என்பது வேடிக்கை. காற்றிலுள்ள ஒரு கரியமில வாயு மூலக்கூறு சுமார் பத்தாண்டில் கடலுக்குள் போய்விடும் என்பதே அதன் முதன்மை முடிவு. நிலக்கரியில் கார்பன்-14 இல்லை; அது எரிந்து காற்றில் கலக்கும்போது மரவளையங்களில் கார்பன்-14 நீர்த்துப்போகிறது. அந்த நீர்ப்பு எவ்வளவு சிறியது என்று பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள். ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில் ரெவெல் சேர்த்த ஒரு வேதியியல் கணக்குதான் பிறகு நிலைத்தது.

கரியமில வாயு கடல்நீரில் வெறுமனே கரைந்து நிற்பதில்லை. நீரிலுள்ள கார்பனேட் அயனிகளோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. இதனால்தான் கடலில் இவ்வளவு கார்பன் தங்குகிறது. ஆனால் இந்த வினை கார்பனேட்டைச் செலவழிக்கிறது. செலவழியச் செலவழிய, அடுத்து வரும் வாயுவை ஏற்கும் திறன் குறைகிறது. கூட்டிக்கழித்தால், காற்றில் கரியமில வாயு நூற்றுக்குப் பத்து கூடினால் மேற்பரப்பு நீரில் கரைந்துள்ள கார்பன் நூற்றுக்கு ஒன்றுதான் கூடும். மேல்நீர் ஆழ்கடலோடு கலக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. ஆக, கடலின் கொள்ளளவு பெரிது, ஆனால் உள்ளே போகும் வாசல் குறுகல்.

1958 மார்ச் மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய அளவீடு வாதத்தை முடித்துவைத்தது. அப்போது காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்காக இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடல் எல்லாவற்றையும் விழுங்கவில்லை என்பது சில ஆண்டுகளிலேயே தெளிவாயிற்று. கூடவே வேறொன்றும் தெரிந்தது: எரிபொருளிலிருந்து வந்ததில் ஒரு பகுதி காற்றிலும் இல்லை.

சூழலியலரும் புவிவேதியியலரும்

1978இல் ஜார்ஜ் உட்வெல்லும் அவரோடு சில சூழலியலாளர்களும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை கணக்கைத் தலைகீழாக்கியது. காடுகள் அழிகின்றன, மண்ணின் மக்கு சிதைகிறது, அவற்றிலிருந்து வெளியேறும் கார்பன் எரிபொருள் வெளியீட்டுக்கு நிகராகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கலாம் என்றார்கள். அப்படியானால் கடல் வாங்கவேண்டிய பங்கு இரட்டிப்பாகும். மறு ஆண்டே வாலஸ் புரோக்கரும் டாரோ தகாஹாஷியும் சகாக்களும் அதே இதழில் பதில் கொடுத்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஏராளமான கார்பன்-14ஐ விட்டிருந்தன. அது கடலுக்குள் எவ்வளவு ஆழம், எவ்வளவு விரைவில் இறங்கியது என்று அளந்து பார்த்திருந்தார்கள். அந்த வேகத்தில் கடல் அத்தனை கார்பனை வாங்கவே முடியாது என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பிலும் ஓட்டை இருந்தது. சூழலியலர் காடு வெட்டப்படும் இடங்களைக் கணக்கெடுத்தார்கள். வெட்டப்பட்டு மீண்டும் வளரும் இடங்களையும், வெட்டப்படாத காடு அடர்ந்துவருவதையும் போதிய அளவு பார்க்கவில்லை. புவிவேதியியலர் கடலின் அளவை நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். மீதியை எங்கே வைப்பது என்று கேட்டால் நிலத்தைக் கைகாட்டினார்கள், நிலத்தில் எங்கே என்று சொல்ல அவர்களிடம் தரவு இல்லை. காணாமற்போன கார்பன் என்ற பேச்சு ஊன்றியது இந்தக் காலத்தில்தான். பின்னோக்கிப் பார்த்தால், இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் சரியாக இருந்திருக்க முடியும்: வெப்பமண்டலத்தில் காடழிப்பு நிறைய வெளியிட, வேறு எங்கோ நிலம் அதைவிட நிறைய எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வடக்கைச் சுட்டிய விரல்

1990இல் பீட்டர் டான்ஸ், இனெஸ் ஃபங், டாரோ தகாஹாஷி மூவரும் ஒரு நேர்த்தியான வாதத்தை வைத்தார்கள். எரிபொருளில் பெரும்பங்கு வட அரைக்கோளத்தில் எரிகிறது. எனவே வடக்கின் காற்றில் தெற்கைவிடக் கரியமில வாயு குறிப்பிட்ட அளவு கூடுதலாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் வேறுபாடு பத்து லட்சத்துக்கு 3 பங்கு அளவே, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வடக்கிலேயே ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. வடகடல்களின் மேல்நீரில் கப்பல்கள் அளந்த வாயு அழுத்தம் அவ்வளவு உறிஞ்சலுக்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே வடக்கின் நிலம்தான் என்று முடித்தார்கள். கடலின் பங்கை ஆண்டுக்கு ஒரு கிகா டன்னுக்குள் சுருக்கிவிட்டது மட்டும் மிகை. ஆறுகள் கடலுக்குக் கொண்டுவரும் கார்பனைச் சேர்க்காமல் விட்டதை ஜார்ஜ் சார்மியன்டோவும் எரிக் சண்ட்குவிஸ்டும் 1992இல் சுட்டிக்காட்டினார்கள். சேர்த்தால் கடலின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஆறுகளை மறப்பது இத்துறையின் தீராத பழக்கம். பிறகு மீண்டும் வருவோம்.

கடலையும் நிலத்தையும் பிரித்துக்காட்டும் சுயேச்சையான வழி ஆக்சிஜனிலிருந்து வந்தது. சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் கண்ட வழி இது. எரிபொருள் எரியும்போது ஆக்சிஜன் செலவாகிறது. தாவரம் கார்பனை எடுக்கும்போது ஆக்சிஜன் வெளிவருகிறது. கடலில் வாயு கரையும்போது ஆக்சிஜனுக்கு எதுவும் நேர்வதில்லை. எனவே எரிபொருள் கணக்கின்படி எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற வேறுபாடு நிலத்தின் பங்கைச் சொல்லிவிடும். சொல்வது எளிது. காற்றில் பத்து லட்சத்துக்கு 2,09,500 பங்காக இருக்கும் ஒரு வாயுவில் நாலைந்து பங்கு குறைவதைப் பிடிக்க வேண்டும். ஒளிக்கதிர் குறுக்கீட்டைப் பயன்படுத்தும் கருவியொன்றைத் தாமே உருவாக்கி அவர் அதைச் செய்துகாட்டினார். 1990களின் முடிவில் நிலம், கடல் இரண்டும் உறிஞ்சுகின்றன என்பதில் தகராறு ஓய்ந்தது. வெப்பமடையும் கடல் தானாகவே கொஞ்சம் ஆக்சிஜனை வெளிவிடுவதால் இந்த முறையிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அந்தத் திருத்தத்தின் அளவு பற்றிப் பேச்சு இன்றும் உண்டு.

ஆனால் வடக்கில் எங்கே? 1998இல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்கா மட்டும் ஆண்டுக்கு சுமார் 1.7 கிகா டன் உறிஞ்சுகிறது என்றது. அமெரிக்காவின் மொத்த எரிபொருள் வெளியீட்டுக்கும் நிகரான அளவு அது. அரசியலுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2001இல் காட்டுக் கணக்கெடுப்பு, மரப்பொருள்கள், நீர்த்தேக்க வண்டல் எல்லாவற்றையும் தரையிலிருந்து கூட்டிப்பார்த்த ஸ்டீபன் பகாலாவும் மற்றவர்களும் அமெரிக்கப் பெருநிலப்பரப்புக்கு 0.3 முதல் 0.58 கிகா டன் என்று மதிப்பிட்டார்கள். 2007இல் பிரிட்டன் ஸ்டீபன்ஸ் குழு, விமானங்களில் வெவ்வேறு உயரத்தில் எடுத்த காற்று மாதிரிகளோடு கணினி மாதிரிகளை ஒத்துப்பார்த்தது. தரைக்கு அருகே பொருந்திய மாதிரிகள் பல உயரத்தில் பொருந்தவில்லை. உயரத்திலும் பொருந்தியவற்றை மட்டும் எடுத்தால் வடக்கின் உறிஞ்சல் 2.4இலிருந்து 1.5 கிகா டன்னாக இறங்கியது. வெப்பமண்டல நிலம் பெரிய வெளியீட்டிலிருந்து ஏறத்தாழச் சமநிலைக்கு வந்தது. அதாவது வடக்கின் மிகையில் ஒரு பகுதி, காற்று செங்குத்தாகக் கலப்பதை மாதிரிகள் தவறாகக் காட்டியதால் விளைந்தது.

ஏன் உறிஞ்சுகிறது?

எங்கே என்பதைவிட ஏன் என்பது எதிர்காலத்துக்கு முக்கியம். மூன்று விளக்கங்கள் போட்டியிடுகின்றன. காற்றில் கரியமில வாயு கூடியதால் தாவரங்கள் செழிக்கின்றன என்பது ஒன்று. தொழிற்சாலைப் புகையும் உரமும் நைட்ரஜனைப் பரப்பியதால் வடக்கின் காடுகள் வளர்ந்தன என்பது இன்னொன்று. கைவிடப்பட்ட விளைநிலங்களில் காடு திரும்புகிறது என்பது மூன்றாவது. முதல் விளக்கம் சரியானால் உறிஞ்சல் நெடுங்காலம் தொடரக்கூடும். மூன்றாவது சரியானால் மரங்கள் முதிர்ந்ததும் நின்றுவிடும்.

முதல் விளக்கத்தைச் சோதிக்கத் திறந்த காட்டில் குழாய்களை வட்டமாக நிறுத்தி, கூடுதல் கரியமில வாயுவைப் பல ஆண்டுகள் ஊதிப்பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பைன் காடும், ஓக் ரிட்ஜின் மரத்தோட்டமும் முன்னோடிகள். 2005இல் ரிச்சர்ட் நோர்பி இத்தகைய நான்கு சோதனைகளைத் தொகுத்தபோது தாவர விளைச்சல் நூற்றுக்கு 23 கூடியிருந்தது. ஐந்தாண்டு கழித்து அதே நோர்பி, ஓக் ரிட்ஜில் அந்தக் கூடுதல் தேய்ந்துவிட்டதைக் காட்டினார்; மண்ணில் நைட்ரஜன் போதவில்லை. சிட்னிக்கு அருகே முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வந்தது. அங்கே பாஸ்பரஸ் மிகக் குறைவு. மரங்கள் கூடுதல் கார்பனை எடுத்தன, தண்டில் சேர்க்கவில்லை, பெரும்பகுதி மண்ணின் சுவாசமாகவே காற்றுக்குத் திரும்பியது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 180 ஆண்டு வயதுள்ள ஓக் மரங்களில் 2024இல் வெளிவந்த முடிவோ, மர வளர்ச்சி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து கூடியதாகச் சொல்கிறது. எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே விடை எதிர்பார்ப்பதே தவறு என்று தோன்றுகிறது. மண்ணில் எந்தச் சத்து இருக்கிறதோ அதற்கேற்ப விடை மாறுகிறது. பாஸ்பரஸ் குறைந்த வெப்பமண்டலத்தில் இந்தச் சோதனை நெடுங்காலம் நடந்ததே இல்லை என்பது பெரிய குறை. மனாவ்ஸ் அருகே அமேசான் காட்டில் அதற்கான முயற்சி நடைபெறுகிறது.

சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தியான் கோர்னர் வேறொரு கோணத்தில் எச்சரித்துவருகிறார். மரம் வேகமாக வளர்வது வேறு, காட்டில் கார்பன் கூடுவது வேறு. வேகமாக வளரும் மரம் விரைவில் முதிர்ந்து விரைவில் சாகுமானால், காட்டில் ஓட்டம் கூடும், இருப்பு கூடாது. எளிமையான இந்த வாதத்துக்கு மாதிரியாளர்கள் போதிய இடம் தரவில்லை என்றே படுகிறது.

செயற்கைக்கோள் படங்களில் புவி பசுமையாகிவருவதை முதல் விளக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. இங்கே இந்தியாவின் கதை பொருத்தமானது. 2019இல் வெளியான பகுப்பாய்வின்படி உலகில் கூடிய இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு சீனாவையும் இந்தியாவையும் சேர்ந்தது. ஆனால் இந்தியாவின் பங்கில் நூற்றுக்கு 82 விளைநிலங்களில் கூடியது. பாசனமும் உரமும் இரண்டாம் போகமும் தந்த பசுமை. நெல்லும் கோதுமையும் சேர்த்த கார்பன் சில மாதங்களில் உணவாகவும் தீவனமாகவும் எரிந்த வைக்கோலாகவும் காற்றுக்குத் திரும்பிவிடும். பசுமை கூடியது என்பதிலிருந்து சேமிப்பு கூடியது என்று தாவ முடியாது.

வெப்பமண்டலம்: நம்பிக்கையும் சரிவும்

2011இல் யூடே பான் தலைமையில் உலகக் காட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்தபோது, 1990 முதல் 2007 வரை நிலைபெற்ற காடுகள் ஆண்டுக்கு 2.4 கிகா டன் உறிஞ்சியதாக வந்தது. கழித்தலில் வந்த எண்ணுக்கு இது அருகில் நின்றதால் துறையில் நிம்மதி பரவியது. ஆனால் வெப்பமண்டலத்தில் தரவு மெலிவு. அமேசானில் அளவெடுக்கும் காட்டுத்துண்டுகள் சில நூறுதான். காடோ இந்தியாவைவிடப் பெரியது. அந்தத் துண்டுகளிலேயே சரிவும் தெரிந்தது. அமேசானின் உறிஞ்சல் 1990களுக்குப் பின் தேய்ந்துவருவதை 2015இல் ரோல் பிரியனென் குழு காட்டியது. மரங்கள் சாகும் வேகம் கூடியிருந்தது. ஆப்பிரிக்கக் காடுகள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. 2021இல் பிரேசிலின் லூசியானா கட்டி, ஒன்பது ஆண்டு விமான அளவீடுகளைக் கொண்டு, தென்கிழக்கு அமேசான் நிகரமாக வெளியிடும் பகுதியாகிவிட்டது என்று முடிவுசெய்தார்.

2014இல் ஏவப்பட்ட ஓ.சி.ஓ.-2 செயற்கைக்கோள் இதில் புதிய வெளிச்சம் தந்தது. 2015இன் எல் நினோவில் வெப்பமண்டல நிலம் 2011ஐவிட சுமார் 2.5 கிகா டன் கூடுதலாக வெளியிட்டது. காரணம் கண்டத்துக்குக் கண்டம் வேறு: தென் அமெரிக்காவில் வறட்சியால் ஒளிச்சேர்க்கை குறைந்தது, ஆப்பிரிக்காவில் வெப்பத்தால் சிதைவு கூடியது, இந்தோனேசியாவில் கரிமண் நிலங்கள் எரிந்தன. ஒரே பெயரில் எழுதப்பட்ட ஒரே எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள். இத்தகைய எண்ணை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வளவு இடர்மிக்கது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மரத்துக்கு வெளியே

காடு என்றதும் மரத்தைத் தேடுவது இயல்பு. அண்மைக்கால ஆய்வுகள் வேறு பக்கம் பார்க்கச் சொல்கின்றன. 2007இல் ஜொனாதன் கோலும் சகாக்களும், நிலத்திலிருந்து ஆறு, ஏரிகளில் இறங்கும் கார்பன் ஆண்டுக்கு சுமார் 1.9 கிகா டன் என்று மதிப்பிட்டார்கள். அதில் பாதிக்கும் குறைவே கடலைச் சேர்கிறது. ஒரு பகுதி நீர்நிலைகளின் அடியில் படிகிறது. எஞ்சியது வழியிலேயே காற்றுக்குத் திரும்புகிறது. காட்டின் மேல் கோபுரம் நட்டு அளப்பவர், ஆற்றில் இறங்கிப்போனதைக் காட்டிலேயே தங்கியதாக எழுதிவிடுகிறார்.

2024இல் ஹெதர் கிரேவன் குழு அணுகுண்டுக் கார்பனை மறுபடி கையிலெடுத்தது. 1960களில் தாவரங்கள் அதை எவ்வளவு விரைவில் உள்வாங்கின என்று பார்த்தால், தாவர விளைச்சல், அதாவது ஒளிச்சேர்க்கையில் தாவரங்களின் சொந்தச் சுவாசம் போக மிஞ்சுவது, மாதிரிகள் சொல்வதைவிட அதிகம். ஆண்டுக்குக் குறைந்தது 80 கிகா டன். இருப்பு மாறாத நிலையில் வரவு அதிகமென்றால், கார்பன் தாவரத்தில் தங்கும் காலம் நினைத்ததைவிடக் குறைவு என்றே பொருள். கோர்னரின் ஐயத்தை இது வலுப்படுத்துகிறது. 2025இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு, 1990களுக்குப் பின் நிலத்தில் கூடிய கார்பனில் மிகச்சிறு பங்கே உயிருள்ள மரங்களில் இருப்பதாகவும், பெரும்பகுதி மண், நீர்நிலை வண்டல், குப்பைமேடு போன்ற உயிரற்ற இடங்களில் இருக்கலாம் எனவும் வாதிடுகிறது. பானின் கணக்கோடு இது நேராக மோதுகிறது. இரண்டில் எது நிற்கும் என்று இப்போதே சொல்வது அவசரம். ஆனால் மண்ணை அளப்பது மரத்தை அளப்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதையும், அதனாலேயே அங்கே தவறு ஒளிந்துகொள்ள இடம் அதிகம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கடலும் முடிந்த கதையல்ல

நிலத்தோடு ஒப்பிட்டால் கடலின் கணக்கு உறுதியானது. 1800 முதல் 1994 வரை கடல் வாங்கியது ஏறத்தாழ 118 கிகா டன் என்று கிறிஸ்டோபர் சபைன் குழு 2004இல் நேரடி அளவீடுகளிலிருந்து கணித்தது. இதன் ஒரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை: அந்த இரு நூற்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் நிலம் வாங்கியதைவிடக் கொடுத்ததே அதிகம். நிலம் நிகரமாக உறிஞ்சத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில் சிக்கல் இருக்கிறது. மனிதர் வெளியிட்டதில் கடல் வாங்கும் பங்கில் ஐந்தில் இரண்டு அங்கேதான் போகிறது. 2007இல் கோரின் லெ கெரே அதன் உறிஞ்சல் தளர்கிறது என்றார். 2015இல் வேறு குழு அது மீண்டும் வலுத்துவிட்டது என்றது. குளிர்காலத்தில் கப்பல் போகாத கடல் என்பதால் தரவில் ஓட்டைகள் அதிகம். இரண்டாயிரத்துக்குப் பின் கடலின் உறிஞ்சல் எவ்வளவு கூடியது என்பதில் அளவீட்டு முறைகளும் கணினி மாதிரிகளும் ஒத்துப்போவதில்லை. நம் பக்கத்து அரபிக்கடலோ ஆண்டு முழுவதும் கரியமில வாயுவை வெளியிடும் கடல். பருவக்காற்று மேலெழுப்பும் ஆழ்நீர் அதற்குக் காரணம் என்பதை 1990களில் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் ஆய்வுகள் நிலைநாட்டின.

எவை திறந்திருக்கின்றன

2014 முதல் 2023 வரையிலான பத்தாண்டுக்கு உலகக் கார்பன் திட்டம் தரும் கணக்கு இது: வரவு 9.7உம் 1.1உம்; காற்றில் தங்கியது 5.2, கடல் 2.9, நிலம் 3.2. கூட்டினால் செலவுப் பக்கம் 0.5 அளவுக்கு அதிகம். இப்போது நிலத்தின் எண்ணைக் கழித்தலால் பெறுவதில்லை, மாதிரிகளால் தனியே கணிக்கிறார்கள். பொருந்தாத மிச்சத்தை மறைக்காமல் அச்சிடுகிறார்கள். இது நேர்மையான முன்னேற்றம். ஆனாலும் நிலத்தின் எண்ணில் ஏறத்தாழ 0.9 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அவர்களே குறிக்கிறார்கள்.

எவ்வளவு என்ற கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. எங்கே என்பதற்கு அரைக்கோள அளவில் உண்டு. நாட்டளவில் நம்பத்தக்கதாக இல்லை. ஏன் என்பதில் கரியமில வாயுவின் உரமிடல் பெரிய காரணம் என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து. அதன் ஆயுள் எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. காற்றில் தங்கும் பங்கு அரை நூற்றாண்டாகப் பெரிய மாற்றமின்றி இருப்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்கு கூடிவருகிறது, மாறவில்லை, குறைகிறது என்று மூன்று விதமாகவும் கட்டுரைகள் வந்துவிட்டன. காடழிப்பின் எண்ணை எப்படி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 2023இல் எல் நினோவோடு நிலத்தின் உறிஞ்சல் 2.3 கிகா டன்னாகச் சரிந்தது. ஓராண்டுச் சரிவை நிலையான தளர்ச்சி என்று சொல்ல முடியாது; தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது.

தெற்காசியாவின் கணக்கு இவற்றில் மிக மங்கலான பக்கங்களுள் ஒன்று. கோவாவின் கேப் ராமா, லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் என்று நீண்டகாலக் காற்று மாதிரி எடுத்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; பருவமழை மாதங்களில் மேகம் மறைப்பதால் செயற்கைக்கோளும் அதிகம் உதவுவதில்லை. இந்நிலையில்தான் 2030க்குள் காடு, மரப்பரப்பு வழியே கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு நிகரான உறிஞ்சலை உருவாக்குவதாக இந்தியா 2015இல் உலகுக்கு வாக்களித்தது. இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கையின்படி நாட்டின் காடுகளிலுள்ள கார்பன் ஏறத்தாழ 720 கோடி டன். அதில் பாதிக்கும் மேல் மண்ணில் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் மரக்கவிகை நூற்றுக்குப் பத்து இருந்தால் தோப்பும் தோட்டமும்கூட அந்த அறிக்கையில் காட்டுப்பரப்பாக எண்ணப்படுகின்றன. 2030இல் அந்த வாக்குறுதிக்குக் கணக்குக் காட்டும்போது மரக்கவிகையின் பரப்பு மட்டும் போதாது. அதே இடங்களில், அதே ஆழத்தில், மீண்டும் மீண்டும் எடுத்த மண் அளவீடுகளையும் அதனோடு வெளியிட வேண்டும்.